கென்வுட் தெருவும் குற்றத்தின் வரைபடமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சீர்செய்த அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சிலவற்றை அச்சுக்காகக் குறைத்திருக்கிறேன். வாதத்தின் ஒழுங்கை மாற்றவில்லை.)



இளங்குற்றவாளிகளின் நலனில் வாழ்நாள் முழுதும் கருத்தூன்றிய ஒரு பெருமகனாரின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் இச்சொற்பொழிவுக்கு என்னை அழைத்த அன்பர்கள், நெறிபிறழ்வைக் குறித்துச் சமூகவியல் அறிஞர்கள் வகுத்த கொள்கைகளை, இளைஞர் செய்த வன்குற்றம் ஒன்றில் பிரயோகித்துக் காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கொள்கைகளை வரிசையாக ஒப்பித்துச் செல்வதைப் பாடப்புத்தகங்கள் செவ்வனே செய்கின்றன. ஒரே ஒரு வழக்கை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொள்கையும் அதன் எதிரில் எவ்வளவு தூரம் நிற்கிறது, எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது என்று பார்ப்பதே பயனுடையது என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டில் அண்மையில் நடந்த வழக்குகளை நான் எடுக்கவில்லை. துயரம் ஆறாத குடும்பங்கள் இருக்கையில் அவற்றை மேடையில் பரப்பி ஆராய என் மனம் ஒப்பவில்லை. நூறாண்டு கடந்த ஒரு வழக்கை, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1924ஆம் ஆண்டு நிகழ்ந்ததை, எடுத்துக்கொள்கிறேன்.

அவ்வழக்கு உலகப் பிரசித்தி பெற்றது என்பதற்காக அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை; அது நிகழ்ந்த இடத்திற்காகவே தேர்ந்தெடுத்தேன். அமெரிக்காவின் முதல் சமூகவியல் துறை சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892இல் தோன்றியது. இளைஞர் குற்றத்தைப் பற்றி உலகம் இன்று பேசும் கருத்துகளுள் பெரும்பகுதி, 1920க்கும் 1942க்கும் இடையில், அத்துறையைச் சார்ந்தவர்களின் மேசைகளில் உருவாயிற்று. அவர்கள் அவ்வாறு உருவாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற இரண்டு வாலிபர்கள், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய கென்வுட் என்னும் செல்வர் குடியிருப்பில், தம் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனைக் கொன்றார்கள். சிறார்க்கென்று தனி நீதிமன்றத்தை உலகில் முதன்முதலாக 1899இல் கண்ட நகரமும் அதுவே. குற்றமும் அதை விளக்கவந்த சாஸ்திரமும் ஒரே ஊரில் பிறந்திருக்க, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே போனது எவ்வாறு என்பதுதான் என்னை நெடுநாளாக வருத்திவரும் வினா.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெறிபிறழ்வுக் கொள்கைகளுள் பெரும்பாலானவை ஏழைகளின் தெருவில் பிறந்தவை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கொலை செய்தபோது அக்கொள்கைகளை யாரும் துணைக்கு அழைக்கவில்லை. மனோதத்துவ மருத்துவத்தையே அழைத்தார்கள். ஏழைப் பையனின் குற்றத்துக்கு அவன் தெருவையும், செல்வப் பையனின் குற்றத்துக்கு அவன் மனத்தையும் காரணமாகக் காட்டும் இந்தப் பங்கீடு தானே ஒரு சமூக நிகழ்ச்சி. அதை ஆராயாத சமூகவியல் தன் கடமையில் பாதியைச் செய்யாமல் விடுகிறது.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1924 மே 21, புதன்கிழமை மாலை, 14 வயதான பாபி பிராங்க்ஸ் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தான். அவனைக் காரில் ஏற்றிக்கொண்டவர்கள் 18 வயதான ரிச்சர்ட் லோப், 19 வயதான நேதன் லியோபோல்டு என்னும் இருவர். லோப் அச்சிறுவனுக்குத் தூரத்து உறவினன். லோப் வீட்டு டென்னிஸ் களத்தில் அவன் விளையாடியதுண்டு. பொய்ப்பெயரில் வாடகைக்கு எடுத்த அந்தக் காருக்குள்ளேயே, உளியால் தலையில் அடித்து அவனைக் கொன்றார்கள். உடலை இண்டியானா எல்லையருகே, ரயில் பாதையின் கீழே செல்லும் நீர்க்குழாய்க்குள் திணித்துவிட்டு, சிறுவன் உயிரோடிருப்பதாகவும் 10,000 டாலர் கொடுத்தால் திருப்பி அனுப்புவதாகவும் தந்தைக்குத் தட்டச்சில் கடிதம் அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே ஒரு தொழிலாளி உடலைக் கண்டுவிட்டார். அருகில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடந்தது. அதன் காதுக்கம்பியைச் சட்டத்தோடு இணைக்கும் கீல் அபூர்வமானது. சிகாகோவில் ஒரே ஒரு கண்ணாடிக் கடையில், மூன்று பேருக்கு மட்டுமே அது விற்கப்பட்டிருந்தது. மூவருள் ஒருவன் லியோபோல்டு. பத்து நாட்களுக்குள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

வயதால் சிறார் நீதிமன்றத்தைக் கடந்தவர்கள், ஆயினும் 21 நிரம்பாத மைனர்கள். லோப் தன் 17ஆம் வயதிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவன். அவன் தந்தை பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவர். லியோபோல்டு சட்ட மாணவன்; பறவைகளை ஆராய்வதில் அந்த வயதிலேயே பெயர் பெற்றவன். பணத் தேவை இருவருக்கும் இல்லை. இறந்த சிறுவன்மேல் விரோதமும் இல்லை. அன்று அத்தெருவில் அவனுக்கு முன் வேறு சில பையன்களையும் அவர்கள் குறி வைத்துப் பின்தொடர்ந்திருந்தார்கள்.

1. வரைபடத்தின் வெற்றிடம்

எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925இல் சிகாகோ நகரை ஒன்றையொன்று சூழும் வளையங்களாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் வணிக மையம். அதைச் சுற்றிப் புதிதாய் வந்து குடியேறுவோர் நெருங்கி வாழும், எதுவும் நிலைபெறாத வளையம். பின்னர் தொழிலாளர் வீடுகள். அப்பால் வசதி படைத்தோர் குடியிருப்புகள். கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும், சிறார் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான பையன்களின் வீட்டு முகவரிகளை அந்நகரின் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டார்கள். மையத்தை அடுத்த வளையத்தில் புள்ளிகள் மொய்த்தன. வெளியே போகப் போக அருகின. குடியிருப்போர் ஒரு நாட்டாரிலிருந்து மற்றொரு நாட்டாராக மாறிய பின்னும், அந்தத் தெருக்களில் குற்ற விகிதம் குறையவில்லை. குற்றம் இரத்தத்திலோ இனத்திலோ இல்லை, சிதைந்த அயல்வாழ்வில் இருக்கிறது என்று அவர்கள் 1942இல் வெளியிட்ட முடிவு, பிறப்பைக் காரணம் காட்டிய அக்காலத்து வெறுப்புக்கு நேர் எதிரானது. அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. பிரெடரிக் திராஷர் 1,313 இளைஞர் கும்பல்களை ஆராய்ந்து 1927இல் நூல் எழுதியதும், குடிகாரரை மடக்கிக் கொள்ளையடித்து வந்த ஒரு வாலிபனின் தன்வரலாற்றை அவன் வாய்மொழியாகவே ஷா 1930இல் வெளியிட்டதும் இதே மரபைச் சேர்ந்தவை.

ஆனால் ஒரு புள்ளி எப்படிப் புள்ளியாகிறது என்று கேட்கவேண்டும். ஒரு பையன் தவறு செய்கிறான், யாரோ பார்க்கிறார்கள், போலீஸ்காரர் பிடிக்கிறார், வீட்டாரிடம் ஒப்படைத்து அனுப்பாமல் நீதிமன்றத்திற்குக் கொண்டுபோகிறார், எழுத்தர் முகவரியைப் பதிகிறார். இத்தனை படிகளையும் கடந்த பின்னரே அவன் வரைபடத்தில் ஏறுகிறான். லோப்பும் லியோபோல்டும் கொலைக்கு முன்பே பல ஆண்டுகளாகக் கார்களைத் திருடியிருக்கிறார்கள், கடைக் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்திருக்கிறார்கள், தீ வைத்திருக்கிறார்கள், பொய்யான தீயபாய அழைப்புகள் விடுத்திருக்கிறார்கள். நகரின் மறுகோடியில் ஒரு போலந்துத் தொழிலாளியின் மகன் இவற்றுள் ஒன்றைச் செய்திருந்தால் அவன் ஒரு புள்ளியாகியிருப்பான். இவர்களுடைய எந்தச் செயலும் புள்ளியாகவில்லை. கென்வுட் வெண்மையாகவே இருந்தது.

இந்த வெற்றிடத்தைப் பிற்கால ஆராய்ச்சி ஒருவாறு உறுதிசெய்தது. ஜேம்ஸ் ஷார்ட்டும் ஐவன் நையும் 1957இல், நீதிமன்றப் பதிவை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடமே அவர்கள் செய்த தவறுகளைக் கேட்டறிந்தபோது, வகுப்புக்கும் குற்றத்துக்கும் இருந்ததாகக் கருதப்பட்ட உறவு பெரிதும் தளர்ந்தது. வில்லியம் சாம்பிளிஸ் 1973இல், ஒரே பள்ளியில் பயின்ற இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்: நல்ல குடும்பத்துப் பையன்கள் எட்டுப் பேர், எளிய குடும்பத்துப் பையன்கள் ஆறு பேர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தவறுகள் செய்தார்கள்; எட்டுப் பேரில் ஒருவனும் கைதாகவில்லை, ஆறு பேரோ ஓயாமல் போலீசாரிடம் சிக்கினார்கள். வரைபடம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அது குற்றத்தையும் போலீசாரின் பார்வையையும் சேர்த்தே வரைந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி அதில் இல்லை.

2. வறுமையின் நெருக்கடியும் ஐசுவரியத்தின் நெறியின்மையும்

ராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதிய கட்டுரை நெறிபிறழ்வுச் சிந்தனையிலேயே அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று. ஒரு சமூகம் எல்லோர்க்கும் ஒரே இலட்சியத்தை, அதாவது பொருளில் வெற்றியை, விதித்துவிட்டு, அதை அடையும் நேர்மையான வழியைச் சிலருக்கே திறந்து வைக்குமாயின், வழியற்றவர்களுள் ஒரு பகுதியினர் குறுக்கு வழியை நாடுவார்கள் என்பது அதன் சாரம். இதை நம் வழக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. இலட்சியம் இவர்களுக்குப் பிறப்பிலேயே கைவந்திருந்தது. வழியும் அகலத் திறந்திருந்தது. கேட்டிருந்தால் வீட்டிலேயே கிடைத்திருக்கும் பணத்துக்காக அவர்கள் பத்தாயிரம் டாலர் கடிதம் எழுதவில்லை. ஒரு முழுமையான குற்றத்தின் உறுப்புகளுள் ஒன்றாகவே அக்கடிதத்தைக் கருதினார்கள்.

ஆனால் மெர்ட்டன் எவரிடமிருந்து நெறியின்மை என்னும் கருத்தைப் பெற்றாரோ, அந்த எமில் துர்க்கைமிடம் திரும்பினால் காட்சி மாறுகிறது. தற்கொலையைப் பற்றி 1897இல் அவர் எழுதிய நூலில், பொருளாதாரச் சரிவுகளில் மட்டுமன்றித் திடீர்ச் செழிப்பிலும் தற்கொலை மிகுவதைக் காட்டி, மனித ஆசைக்கு இயற்கையாக எல்லை கிடையாது, சமூகமே அதற்கு எல்லை வகுக்கிறது என்று வாதிக்கிறார். வறுமை அதை அனுபவிப்பவனுக்கு ஓயாமல் எல்லையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஐசுவரியமோ, நாம் நம்மையன்றி வேறெவரையும் சார்ந்தில்லை என்ற பிரமையை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. மெர்ட்டனின் கையில் ஏழையின் நோயாக மாறிய நெறியின்மை, துர்க்கைமின் கையில் முதலில் செல்வனின் அபாயமாகவே இருந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கையில் அக்கருத்தின் முகம் திரும்பியதும், பாடப்புத்தகங்கள் திரும்பிய முகத்தையே நமக்குக் காட்டி வந்திருப்பதும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகின்றன.

எவரையும் சார்ந்தில்லை என்ற பிரமை எத்துணை ஆழமாக அவர்களுள் வேரூன்றியிருந்தது என்பதற்கு வழக்கிலேயே ஒரு சான்று உண்டு. கொலை நடந்த அன்று தாங்கள் லியோபோல்டின் சொந்தக் காரில், இரண்டு பெண்களோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்ததாக இருவரும் ஒன்றுபோல் சொன்னார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு, வாடகைக் காருக்கும் ஓட்டல் அறைக்கும் வங்கிக் கணக்குக்கும் பொய்ப்பெயர் புனைந்தவர்கள், வீட்டுக் கார் ஓட்டுநரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவ்வோட்டுநர், முதலாளி மகனுக்கு உதவுவதாக எண்ணி, அந்தக் கார் அன்று பூராவும் வெளியே போகவேயில்லை, பிரேக் கீச்சிடுவதைச் சரிசெய்ய நான்தான் அதைக் கொட்டகையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார். நாள் அதுதானா என்று கேட்டபோது, அன்று தம் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் மருந்து வாங்கியதை அவர் நினைவுகூர்ந்தார். மருந்துச் சீட்டில் மே 21 என்ற தேதி இருந்தது. தம் வீட்டில் ஊழியம் செய்பவருக்கும் ஒரு பெண் குழந்தை உண்டு, அதற்கும் காய்ச்சல் வரும், அவருடைய நாளும் ஞாபகமும் அவருக்குச் சொந்தமானவை என்பன அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத சங்கதிகள். துர்க்கைம் பல பக்கங்களில் விளக்கிய பிரமையை இந்த ஒரு மருந்துச் சீட்டில் நான் பிரத்தியட்சமாகக் காண்கிறேன்.

3. சேர்க்கை

எட்வின் சதர்லாந்து தம் குற்றவியல் நூலின் முதற்பதிப்பை, அதே இல்லினாய் மாநிலத்திலிருந்து, அதே 1924இல் வெளியிட்டார். பின்வந்த பதிப்புகளில் அவர் படிப்படியாக வளர்த்து 1947இல் ஒன்பது கூற்றுகளாக வகுத்த சேர்க்கைக் கொள்கை, இவ்வழக்கின் முன் மற்றவற்றைவிட உறுதியாக நிற்கிறது என்பது என் முடிவு. குற்றநடத்தை கற்கப்படுவது, நெருக்கமான உறவில் கற்கப்படுவது, செய்யும் நுட்பத்தோடு, அதை நியாயமாகக் கருதும் மனப்பான்மையும் உடன் கற்கப்படுவது. சட்டத்தை மீறுவதற்குச் சாதகமான விளக்கங்கள் பாதகமானவற்றை விஞ்சும்போது ஒருவன் குற்றவாளியாகிறான். இதில் தரித்திரம் என்ற சொல்லே இல்லை. ஆகவே இது கென்வுட்டிலும் நுழையும், இறைச்சித் தொழிற்சாலைகளின் பின்தெருவிலும் நுழையும். சதர்லாந்து அதை அறிந்தே செய்தார். ஏழைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட குற்றவியல் குறையுடையது என்று 1939இல் தம் தலைமையுரையில் சாடி, பத்தாண்டுகளுக்குப் பின் 70 பெருநிறுவனங்களின் சட்டமீறல்களை ஆராய்ந்து நூலாக்கியவர் அவர்.

இருவரும் ஒருவருக்கொருவர் கற்பித்தது எது என்று பார்ப்போம். லோப் சிறுவயது முதல் துப்பறியும் கதைகளை ஒளித்துப் படித்து, குற்றவாளிகளின் கூட்டத்துக்குத் தன்னைத் தலைவனாகக் கற்பனை செய்துகொண்டவன். லியோபோல்டு தன்னை ஒரு மன்னனின் உயிரைக் காக்கும் பராக்கிரமசாலியான அடிமையாகக் கற்பனை செய்துகொண்டவன். அதோடு நீட்சேயைப் படித்து, உயர்ந்த மனிதனைச் சாதாரண மனிதரின் சட்டம் கட்டுப்படுத்தாது என்று லோப்புக்குக் கடிதம் எழுதியவன். தனித்தனியே இருந்திருந்தால் இரண்டு கற்பனைகளும் கனவாகவே கழிந்திருக்கக்கூடும். 1923 நவம்பரில் இருவரும் மிச்சிகன் சென்று, லோப் முன்னர்த் தங்கியிருந்த மாணவர் இல்லத்தில் இரவில் புகுந்து சில்லறைப் பொருள்களைத் திருடினார்கள். திரும்பும் வழியில் காரிலேயே சண்டை மூண்டு, சமாதானமாகி, பெரிய குற்றம் ஒன்றைச் சேர்ந்து செய்வதென்று உடன்பாடு செய்துகொண்டார்கள். அன்று அவ்வில்லத்திலிருந்து எடுத்து வந்தவற்றுள் ஒன்று, கையில் தூக்கிச் செல்லக்கூடிய அண்டர்வுட் தட்டச்சுப் பொறி. ஆறு மாதங்களுக்குப் பின் பாபி பிராங்க்ஸின் தந்தைக்குச் சென்ற கடிதம் அடிக்கப்பட்டது அதில்தான். சிறு திருட்டு பெருங்கொலைக்குக் கருவியைக் கொடுத்தது மட்டுமல்ல. இருவரையும் ஒருவர் ரகசியத்துக்கு மற்றவர் பிணையாளியாகவும் ஆக்கியது. இரண்டே பேர் அடங்கிய குழுவும் ஒரு சமூகம். அதற்கும் தனி நெறி உண்டு. வெளியார் எவரும் அதில் நுழைந்து வேறு விளக்கம் சொல்ல முடியாதபடி அடைபட்டிருந்ததே அதன் கொடுமை.

இருவருக்காகவும் வாதாடிய வழக்குரைஞர் கிளேரன்ஸ் டாரோ நீட்சேயின் நூல்களையும் அவற்றைப் படிக்கக் கொடுத்த பல்கலைக்கழகத்தையும் குறை கூறினார். அக்கூற்றை நான் ஏற்கவில்லை. அந்நூல்களை அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள், வீட்டுக்குப் போனார்கள். நூல் தானே கொலை செய்விக்காது. அதற்கு ஒரு பொருளைக் கற்பிக்கும் உறவே செய்விக்கிறது. கிரெஷம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் 1957இல் எழுதியதை இங்கே சேர்த்து நினைக்கலாம். தவறு செய்யும் இளைஞர் பலர் சமூக நெறியை மறுப்பவர்கள் அல்லர். பொறுப்பை மறுத்தும், தீங்கு நேரவில்லை என்றும், அடிபட்டவன் அதற்குத் தகுதியானவனே என்றும் தமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே மீறுகிறார்கள் என்றார்கள் அவர்கள். தெருப்பையன் பேச்சுவழக்கில் சொல்லிக்கொள்ளும் அந்தச் சமாதானத்தை லியோபோல்டு ஜெர்மானியத் தத்துவத்தின் மொழியில் சொல்லிக்கொண்டான்.

4. பிணைப்பு

டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் வகுத்த கட்டுப்பாட்டுக் கொள்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாசம், எதிர்காலத்தில் வைத்த முதலீடு, ஓய்வில்லாத ஈடுபாடு, நம்பிக்கை ஆகிய நான்கு பிணைப்புகளும் உறுதியாக இருக்கும்வரை ஒருவன் தவறமாட்டான் என்பது அது. லியோபோல்டு அந்த ஆண்டு ஐரோப்பிய யாத்திரைக்கும், பின்னர் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். ஏட்டளவில் முதலீடும் ஈடுபாடும் நிறைந்தவன். ஆனால் முதலீடு கட்டிப்போடுவது, அதை இழக்க நேரும் என்ற அச்சத்தினால் அல்லவா? எதைச் செய்தாலும் எதையும் இழக்க நேராது என்று பல ஆண்டு அனுபவத்தால் கற்றுக்கொண்ட ஒருவனை அது கட்டுப்படுத்துவதில்லை. பிணைப்பின் பலம் பிள்ளையிடம் மட்டும் இல்லை, அவனைச் சூழ்ந்தோர் அவன் தவற்றைக் கண்டு என்ன செய்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

5. நீதிமன்றத்தில் நிகழ்ந்த பங்கீடு

டாரோ ஜூலை 21 அன்று தம் கட்சிக்காரர் இருவரும் குற்றவாளிகளே என்று ஒப்புக்கொண்டு, ஜூரியைத் தவிர்த்துவிட்டு, தண்டனையை மட்டும் நீதிபதி ஜான் கேவர்லியின் தீர்ப்புக்கு விட்டார். அதன்பின் பல வாரம் அம்மன்றம் ஒரு மனோதத்துவ வகுப்பறையாயிற்று. இரு தரப்பும் அழைத்த நிபுணர்கள் மனநல மருத்துவர்களே. வாலிபர்களின் சுரப்பிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். உடற்சூட்டையும் இரத்த அழுத்தத்தையும் குறித்தார்கள். வளர்ப்புத் தாதியரின் சுபாவத்தையும் பகற்கனவுகளின் போக்கையும் பதிந்தார்கள். பெரும் பத்திரிகை அதிபர் ஒருவர் சிக்மண்ட் பிராய்டையே வியன்னாவிலிருந்து பெருந்தொகை கொடுத்து அழைக்க முயன்றார்; பிராய்டு மறுத்துவிட்டார். அதே நகரில் இருந்த சமூகவியல் துறையின் கதவை எவரும் தட்டவில்லை.

சாட்சி சொல்ல வந்தவர்களுள் ஒருவரான வில்லியம் ஹீலியை இங்கே தனியாகக் குறிப்பிடவேண்டும். சிகாகோ சிறார் நீதிமன்றத்திற்கு வரும் ஏழைப் பிள்ளைகளின் உள்ளத்தை ஆராய்வதற்காக 1909இல் தொடங்கப்பட்ட நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, பல காரணங்களின் கூட்டாகப் பார்க்கவேண்டும் என்று 1915இல் பெருநூல் எழுதியவர். அவர் விட்டுச்சென்ற அந்த நிலையந்தான் பின்னர்ப் பெயர் மாறி, ஷாவும் மெக்கேயும் புள்ளிகளை இட்ட ஆராய்ச்சிக்கூடமாயிற்று. ஒரே கட்டிடத்தின் மரபில் ஏழைப் பிள்ளை உள்ளமுடைய தனி மனிதன் என்ற நிலையிலிருந்து ஒரு புள்ளியாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், செல்வப் பிள்ளைகளுக்கு அந்த உள்ளம் நீதிமன்றத்தில் விரிவாக வாசிக்கப்பட்டது.

செப்டம்பர் 10 அன்று கேவர்லி அளித்த தீர்ப்பு, கொலைக்கு ஆயுள் சிறையும் ஆட்கடத்தலுக்கு 99 ஆண்டுச் சிறையும் விதித்தது. தூக்கை விலக்கியதற்கு அவர் முதன்மையாகச் சொன்ன காரணம் அவர்களுடைய வயது. மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி அவர் கூறியது இன்னும் கூர்மையானது: இத்தகைய ஆராய்ச்சி குற்றவியலுக்கு அரிய பங்களிப்பு என்பதை ஒப்புக்கொண்ட அவர், குற்றம் சாட்டப்பட்ட வேறு எவரை இவ்வாறு ஆராய்ந்தாலும் இதேபோன்றோ வேறுவகையிலோ ஒழுங்கின்மைகள் தென்படக்கூடும் என்றும், ஆகையால் இது எல்லாக் குற்றவாளிகளுக்கும் பொதுவாகப் பொருந்தும் விஷயம், சட்டமியற்றுவோர் தீர்க்கவேண்டியது, இந்த இருவருக்கான தண்டனையை இதன்மேல் நிறுத்த முடியாது என்றும் கருதினார். நூறாண்டு இலக்கியத்தில் இவ்வழக்கைப் பற்றி நான் படித்தவற்றுள், பங்கீட்டின் அநியாயத்தை இவ்வளவு தெளிவாகத் தொட்டவர் வேறெவரும் இலர்.

முத்திரையிடல் கொள்கையையும் இங்கே சேர்த்துப் பார்த்துவிடலாம். வேலையற்றோர் போராட்டத்தை நடத்தியதற்காக இளமையில் தாமே ஓராண்டு சிறையிருந்த பிராங்க் டேனன்பாம், 1938இல், ஒரு பையனைத் தீயவன் என்று ஊரறியச் சுட்டுவதே அவனைத் தீயவனாக்குகிறது என்று எழுதினார். ஹோவர்டு பெக்கர் 1963இல் அதை விரிவாக்கினார். லோப் 1936இல் சிறையில் சக கைதி ஒருவனால் கொல்லப்பட்டான். லியோபோல்டோ, உலகம் அறிந்த முத்திரையைச் சுமந்துகொண்டே, சிறையில் அஞ்சல்வழிப் பள்ளி நடத்தினான்; மலேரியா ஆராய்ச்சிக்கு உடலை ஒப்படைத்தான்; கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் பரிந்துரைக்க 1958இல் விடுதலை பெற்று, போர்ட்டோ ரிக்கோவில் மருத்துவமனைப் பணியும் பறவை ஆராய்ச்சியும் செய்து, 1971இல் இறந்தான். முத்திரை அவனை ஏன் முழுவதும் விழுங்கவில்லை? படிப்பும், வெளியே காத்திருந்த உறவினரும், பரிந்து பேசும் பெரியோரும் அவனுக்கு இருந்தார்கள். முத்திரையும் தாங்குவோரின் கையிருப்புக்கு ஏற்பவே எரிக்கிறது. இறந்த சிறுவனுக்கோ 14 வயதோடு எல்லாம் முடிந்தது. வழக்கு இன்றும் கொன்றவர்களின் பெயராலேயே வழங்குகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்லவேண்டும். கென்வுட்டில் எத்தனையோ செல்வப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், இருவர்தாமே கொன்றார்கள், இதற்குச் சமூகக் காரணம் எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமூகவியல் விளக்குவது விகிதத்தை. தனிச் செயலின் கடைசி அடியை அது விளக்காது. ஆனால் இதே கேள்வியை ஏழைத் தெருவிலும் கேட்கவேண்டும். அங்கும் பெரும்பாலான பிள்ளைகள் நீதிமன்றப் படியேறாமலே வளர்ந்தார்கள். அங்கே இக்கேள்வியை விட்டுவிட்டு இங்கே மட்டும் கேட்பதைத்தான் நான் பங்கீடு என்கிறேன்.

6. நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு சிறு கதவு

சிகாகோவில் 1899இல் தோன்றிய சிறார் நீதிமன்றக் கருத்து, 1908இல் இங்கிலாந்துச் சட்டத்தில் இடம்பெற்று, 1920இல் சென்னை மாகாணச் சட்டமாக, இந்தியாவிலேயே முதலாவதாக, நம்மிடம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 16 வயது நிரம்பியவர் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்போது, முதனிலை மதிப்பீடு ஒன்றை நடத்த இளைஞர் நீதிக் குழுமத்தைப் பணிக்கிறது. குற்றத்தைச் செய்வதற்கான உடல், மன வலிமை; விளைவுகளை உணரும் திறன்; குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை ஆகியவை அதில் ஆராயப்படவேண்டும். இதற்கு உளவியலாளர்களின் உதவியையும், உளச்சமூகப் பணியாளர்களின் உதவியையும், பிற வல்லுநர்களின் உதவியையும் குழுமம் நாடலாம். மனத்தைப் பற்றிய இரண்டு கேள்விகளோடு சூழ்நிலையைப் பற்றிய மூன்றாவது கேள்வியையும் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது என்பதையும், பிற வல்லுநர் என்ற சொல்லில் சமூகவியலாருக்கு இடமிருக்கிறது என்பதையும் இவ்வவையினர் கவனிக்கவேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

செய்யவேண்டிய வேலை ஒன்றைச் சொல்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களுள் சிலர், குழுமங்களின் அனுமதியோடு, பெயரும் ஊரும் நீக்கப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளையும் நன்னடத்தை அலுவலர்களின் சமூக விசாரணை அறிக்கைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்குக் குடும்ப வருமானமும் தெருவும் காரணமாக எழுதப்பட்டிருக்கின்றன, எந்தப் பிள்ளைக்கு மனமும் தேர்வுப் பயமும் சகவாசமும் எழுதப்பட்டிருக்கின்றன, தந்தையின் தொழில் மாறும்போது காரணமும் மாறுகிறதா என்று வரிவரியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். எழுத்தர் அறைகளில் பொறுமையாகக் காத்திருக்கவும் நேரும். அந்த ஆராய்ச்சியை மேற்கொள்ள முன்வருபவர்களுக்கு, என்னிடம் உள்ள நூல்களையும் குறிப்புகளையும் கொடுத்து உதவ நான் சித்தமாயிருக்கிறேன். இக்கூட்டம் முடிந்ததும் அவர்கள் என்னை வந்து காணலாம்.